கையில் இருக்கும் புத்தகம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சிறுவர்களுக்காக எழுதுவதையும் படம் வரைவதையும் தொழிலாகக் கொண்டிருப்பதால், அதே ஆசை உள்ளவர்கள் தங்கள் வேலையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வருவது வழக்கம். பள்ளி ஆசிரியர்கள், அச்சகங்களில் பக்கம் வடிவமைப்பவர்கள், கல்லூரி மாணவிகள், வீட்டு வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு இரவில் வரைகிற பெண்கள் என்று பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். ஏறத்தாழ எல்லாருடைய பையிலும் நிரம்பிய ஓவிய நோட்டுகள் இருக்கும். கைபேசியில் எண்ணற்ற படங்கள் இருக்கும். "ஒரு புத்தகம் போய்க்கிட்டிருக்குக்கா" என்ற பேச்சும் இருக்கும். அந்தப் புத்தகம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. கதை மனத்தில் முழுதாக இருக்கிறது, ஐந்தாறு படங்களுக்கு வண்ணம் தீட்டியாகிவிட்டது, மீதி போகப்போக வந்துவிடும் என்பார்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே ஆளைப் பார்த்தால் அதே ஐந்தாறு படங்கள்தாம் இருக்கும்.

இவர்களில் பெரும்பாலோருக்குக் கை நன்றாகவே ஓடுகிறது. சிலருடைய கோடு என்னுடையதைவிடத் தெளிவானது. ஒரு படப்புத்தகம் தனித்தனியான பல வேலைகளால் ஆனது என்பதையும், அந்த வேலை ஒவ்வொன்றும் முடிந்துவிட்டது என்று சொல்வதற்கு ஓர் அடையாளம் உண்டு என்பதையும் யாரும் அவர்களுக்குச் சொல்லித் தராததால்தான் வேலை நடுவில் நின்றுபோகிறது. முக்கூடலிலிருந்து வரும் ஒரு மாணவியின் தாயார் பீடி சுற்றுபவர். மாலையில் தட்டைப் பார்த்தால் அன்றைக்கு எத்தனை கட்டு சேர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். கூலியும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்காக வந்துவிடும். மகள் அதே வீட்டில், அதே திண்ணையில் உட்கார்ந்து நாள் முழுவதும் வரைந்துவிட்டு எழுந்திருக்கும்போது, வேலை எவ்வளவு நகர்ந்தது என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரியாத வேலையை வீட்டில் இருப்பவர்கள் பொழுதுபோக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள்மேல் வருத்தப்பட்டுப் பயனில்லை. நம்முடைய தட்டில் எதை வைத்து எண்ணுவது என்று நாம்தான் முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

என் நடைமுறையில், மணிக்கணக்கையோ வரைந்த படங்களின் எண்ணிக்கையையோ நான் முன்னேற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. இன்னொருவர் கையில் கொடுத்து, நான் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லாமல், அவர் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு பொருள் உருவாகியிருந்தால் மட்டுமே ஒரு கட்டம் முடிந்ததாக எழுதிக்கொள்கிறேன்.

முதல் கட்டம் எழுத்து. வரையத் தெரிந்தவர்கள் இதைத் தாண்டிக் குதித்துவிடவே விரும்புகிறார்கள், ஏனென்றால் படம் உடனே பாராட்டு வாங்கித் தருகிறது, எழுத்து வாங்கித் தருவதில்லை. படத்தின் துணை இல்லாமல் வாசித்த ஒருவர் கதையை நமக்கே திருப்பிச் சொல்ல முடிந்தால் எழுத்து முடிந்தது என்று பொருள். அவர் திருப்பிச் சொல்லும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அந்த இடத்தில் கதையும் தடுமாறுகிறது. பிறகு படங்கள் உருவாகும்போது எழுத்து இன்னும் சுருங்கும். மரத்தில் கூடு இருப்பது படத்தில் தெரிந்தால் மரத்தில் கூடு இருந்தது என்ற வரியை அடித்துவிடலாம். எழுதுபவரும் வரைபவரும் ஒரே ஆளாக இருப்பதில் உள்ள பெரிய வசதி இதுதான், அடிப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அடுத்தது பக்கத் திட்டம். அச்சுத் தாள் மடிப்பு மடிப்பாக மடிக்கப்பட்டுத்தான் புத்தகமாகிறது; நம் அச்சகங்களில் பதினாறு பக்கத்தை ஒரு பாரம் என்பார்கள். நடுவில் பின் அடிக்கும் மெல்லிய புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். ஆகவே சிறுவர் படப்புத்தகம் பெரும்பாலும் 16, 24, 32 என்ற எண்ணிக்கையில் வருகிறது. 32 பக்கத்தில் தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், ஆசிரியர் குறிப்பு என்று சில பக்கங்கள் போய்விட, கதைக்குப் பன்னிரண்டிலிருந்து பதினான்கு இரட்டைப் பக்கங்கள் மிஞ்சும். ஒரே தாளில் சிறுசிறு கட்டங்கள் போட்டு, எந்தக் கட்டத்தில் எந்த நிகழ்ச்சி என்று தீக்குச்சி மனிதர்களை வைத்து நிரப்பிப் பார்த்தால், இருபத்தைந்து பக்கத்துக்கான கதையை நாற்பது பக்கத்துக்கு இழுத்திருக்கிறோமா, அல்லது இரண்டு புத்தகத்துக்கான கதையை ஒன்றில் திணித்திருக்கிறோமா என்பது அப்போதே தெரிந்துவிடும். இந்த ஒரு தாளைப் போடாமல் வண்ணத்துக்குப் போனவர்களின் புத்தகங்களே பாதியில் நிற்கின்றன.

நான் மிக அதிகமாக வற்புறுத்துவது டம்மியை, அதாவது அச்சுக்கு முன் கையால் செய்து பார்க்கும் மாதிரிப் புத்தகத்தை. எட்டு ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் மடித்து, மடிப்பில் ஊசி நூலால் மூன்று தையல் போட்டால் 32 பக்கப் புத்தகம் கைக்கு வந்துவிடும். எழுத்தைக் கணினியில் அடித்து அச்செடுத்து, கத்தரியால் வரிவரியாக வெட்டி, அந்தந்தப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். பசை காய்வதற்குள் வரியை மேலே நகர்த்தலாம், கீழே நகர்த்தலாம், அடுத்த பக்கத்துக்கே தள்ளிவிடலாம். படங்களைப் பென்சிலில், முகபாவம் தெரிகிற அளவுக்கு மட்டும் போட்டால் போதும். கூந்தன்குளத்துப் பறவைகளை வைத்து நான் இப்போது செய்துவரும் புத்தகத்தில், இரண்டு பக்கத்துக்கும் பரவி நிற்கும் ஒரு நாரையின் படம் உண்டு. பக்கத் திட்டத்தின் சிறு கட்டத்தில் அது அழகாகவே இருந்தது. டம்மியில் விரித்துப் பார்த்தபோது நாரையின் நீண்ட அலகு சரியாக மடிப்புக்குள் விழுந்திருந்தது. தையல் புத்தகத்திலேயே இப்படி என்றால், முதுகில் பசை போட்டு ஒட்டும் கட்டுமுறையில் பக்கம் முழுதாக விரியாது. மடிப்பை ஒட்டி இருபுறமும் விரற்கடை அளவு படம் விழுங்கப்பட்டுவிடும். கணினித் திரையில் இரண்டு பக்கமும் சமதளமாகத் தெரிவதால் இதைத் திரையில் கண்டுபிடிக்கவே முடியாது.

அந்த டம்மியை மூலைக்கரைப்பட்டிப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளிடம் கொடுத்திருந்தேன். முன் வரிசையில் இருந்த சிறுமி புத்தகத்தை முழுதாக விரித்து, மடிப்பை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டு, "அக்கா, இந்த நாரைக்கு மூக்கு எங்கன போச்சு?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இருந்த பையன் அதைவிடப் பெரிய செய்தியைச் சொன்னான்: "குஞ்சுக்கு ரோஸ் கலர் இருக்காதுக்கா, பெருசானாத்தான் வரும்." அவன் சொன்னதுதான் உண்மை. மஞ்சள் மூக்கு நாரையின் இறக்கை ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு, வளர்ந்த பறவைக்கே உரியது. இளம்பறவை மங்கிய பழுப்பும் வெள்ளையுமாகத்தான் இருக்கும். பறவைகள் வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டும் ஊருக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது பாடப் புத்தகத்திலிருந்து வர வேண்டியதில்லை. பென்சில் டம்மியில் ஒரு குறிப்பாக மட்டும் இருந்த அந்த நிறத்தைத் திருத்த அழிப்பானே போதுமாயிருந்தது. வண்ணப்படமாக வரைந்து முடித்திருந்தால் பக்கத்தையே மறுபடி வரைந்திருக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் டம்மியைக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனிக்குமாறு பயிற்சிக்கு வருபவர்களிடம் சொல்வதுண்டு. நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லும், பெரியவர்களும் அப்படித்தான். ஆகவே வாயைப் பார்க்காமல் கையைப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளை இரண்டு பக்கம் பின்னால் புரட்டிவிட்டு மறுபடி முன்னால் வந்தால், இடையில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினால், அந்த இடத்தில் கதை நின்றுபோயிருக்கிறது. ஒரு பக்கத்தில் விரல் வைத்துப் பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிட்டுக் காட்டினால், அந்தப் பக்கத்தைத் தொடாமல் விட்டுவிடலாம்.

டம்மிக்கு முன்னால் வரவேண்டுமா, பின்னால் வரவேண்டுமா என்று பலர் குழம்புவது தகவல் சேகரிப்பைப் பற்றி. கூந்தன்குளம் 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, பறவை எச்சம் கலந்த குளத்து மண்ணை வயலுக்கு எருவாக எடுத்துக்கொள்கிறார்கள். இவையெல்லாம் சுவையான செய்திகள். ஆனால் சுவையாக இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் சேகரிக்கத் தொடங்கினால் அந்த வேலைக்கு முடிவே கிடையாது. படிப்பதும் படம் எடுப்பதும் வேலை செய்வது போன்ற நிறைவைத் தருவதால், அதிலேயே ஆண்டுகள் கழிந்துவிடும். டம்மியை முதலில், தெரிந்த அளவை வைத்துக்கொண்டே போட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. போட்ட பிறகு எந்தப் பக்கத்தில் கை தயங்குகிறதோ அந்தத் தயக்கங்களை மட்டும் எழுதிக்கொண்டு புறப்பட வேண்டும். கூடு எந்தக் கிளையில் எந்த உயரத்தில் இருக்கிறது, கூழைக்கடா தன் பையில் மீனை எப்படி வைத்திருக்கிறது, கரண்டிவாயன் தண்ணீரில் அலகை எந்தப் பக்கம் வீசி மேய்கிறது என்பன போன்ற கேள்விகளுடன் போனால் ஒரு காலை வேளையே போதுமானதாக இருக்கும்.

நம் பகுதியில் வேலை செய்பவர்கள் இதனுடன் பருவத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூந்தன்குளத்துக்குப் பொதுவாக டிசம்பர், ஜனவரியில் வந்து இறங்கும் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, ஜூன், ஜூலை வாக்கில் குஞ்சுகளுடன் கிளம்பிவிடும். குஞ்சை நேரில் பார்த்து வரைய வேண்டிய பக்கத்தை ஆகஸ்டில் முடிக்கத் திட்டமிட்டால் அந்தத் திட்டம் எட்டு மாதம் காத்திருக்க வேண்டியதுதான். தாமிரவருணிப் பாசனத்து வயலைக் கதைக்குள் கொண்டுவருபவர்கள் அது கார் சாகுபடியா, பிசானமா (இங்குள்ள இரண்டு நெல் பருவங்கள்) என்று முடிவு செய்துகொண்டு போக வேண்டும்; வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறதா, நாற்று நிற்கிறதா, அறுத்த தாள் மட்டும் நிற்கிறதா என்பது அதைப் பொறுத்தது. ஊர்க்காரர் ஒருவர் படத்தைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்.

பக்க அமைப்பைக் கற்றுக்கொள்ள எங்கே போகலாம் என்று கேட்பவர்களை நான் திருப்புடைமருதூருக்கு அனுப்புகிறேன். தாமிரவருணியும் கடனாநதியும் கூடும் அந்த ஊரில், நாறும்பூநாதர் கோயிலின் கோபுரத்துக்குள் ஐந்து நிலைகளிலும் மரச் சிற்பங்களும் சுவரோவியங்களும் உள்ளன. குதிரைகளை ஏற்றிக்கொண்டு கப்பலில் வரும் வணிகர்களும் போர்க்களக் காட்சிகளும் அங்கே உண்டு. மேலே ஏறிப் பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் கோயில் நிர்வாகத்தின் அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும். அங்கே போய் உருவங்களைப் பார்த்து வரையத் தொடங்குவதைவிட, ஒரு வரிசை எங்கே முடிகிறது, அடுத்த வரிசைக்குக் கண்ணை எது அழைத்துச் செல்கிறது, கூட்டத்தின் நடுவே முக்கியமான ஆளை ஓவியர் எப்படித் தனித்துக் காட்டுகிறார் என்று நின்று பார்த்தால் நல்லது. பக்கத்தைப் புரட்ட வைக்கும் வித்தை அதில் இருக்கிறது.

இலக்குகளுக்கு வருகிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் பலர் எழுதிவைக்கும் இலக்குகளை என்னிடம் காட்டியிருக்கிறார்கள். இந்த ஆண்டு ஒரு பெரிய பதிப்பகத்தில் நூல், பின்தொடர்பவர்கள் பத்தாயிரம் பேர், ஒரு விருது என்ற அளவில் அவை இருக்கும். சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்கென்று பால சாகித்திய புரஸ்கார் வழங்கிவருகிறது. அதை ஒருவர் விரும்புவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் தேர்வுக் குழு என்ன முடிவு செய்யும் என்பது நம் கையில் இல்லாததால், அதை இலக்காக எழுதிவைத்தவர் டிசம்பரில் தன்னைத் தோற்றவராகவே கருத நேர்கிறது, அந்த ஆண்டில் அவர் ஒரு நல்ல டம்மியை முடித்திருந்தாலும் கூட. ஆகவே இலக்குத் தாளில் என் கையால் முடிக்கக்கூடியவற்றை மட்டும் எழுதுகிறேன்: இன்ன மாதத்துக்குள் டம்மி மூன்று பேர் கையில் இருக்க வேண்டும், இன்ன மாதத்துக்குள் முதல் பாரத்தின் வண்ணப்படங்கள் முடிந்திருக்க வேண்டும் என்பதுபோல. விருப்பங்களை வேறு தாளில் எழுதிக்கொள்ளலாம். அதைக் கிழித்தெறியச் சொல்லவில்லை.

தேதி வைப்பதற்குத் தொழிலின் காலண்டரையும் தெரிந்துகொள்ள வேண்டும், இதைச் சொல்வதற்கு நமக்குத் தகுதி உண்டு. கோவில்பட்டியைத் தாண்டினால் சிவகாசி. அங்கே ஆடிப் பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்களை வெளியிடுவது வழக்கம். அதிலிருந்து ஆண்டு முடிவு வரை பல அச்சகங்களில் காலண்டரும் டைரியும்தான் ஓடும். கோவில்பட்டியில் இருந்துகொண்டு தெய்வப் படங்களை வரைந்த கொண்டைய ராஜு (1898–1976) நாடகத் திரை தீட்டுபவராக இருந்து காலண்டர் ஓவியத்துக்கு வந்தவர். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த படங்கள் சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் வீடுகளின் சுவருக்குப் போயின. அந்த நாளில் கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது, 1986இல்தான் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தது. தையில் தொங்க வேண்டிய காலண்டருக்கான படத்தை மாசியில் கொடுப்பதற்கில்லை என்பதால், காலக்கெடு கலைக்குப் பகை என்று பேசுகிறவர்கள் இந்த மண்ணின் ஓவியத் தொழிலைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு நூல் வர வேண்டும் என்றால், அச்சகங்கள் நெரிசலில் இருக்கும் அந்த மாதங்களுக்கு முன்பாகவே கோப்பு தயாராக இருப்பது நல்லது. நம் ஊரில் நடக்கும் பொருநை நெல்லை புத்தகத் திருவிழாவுக்கு இலக்கு வைப்பவர்களும் அதன் தேதி அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் போதாது.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே உரிமை பற்றிய செய்திதான். புத்தகம் நகர்வதைப் பற்றிப் பேசுபவர்கள் ஒப்பந்தத்தை வேலையின் ஒரு கட்டமாகவே எண்ணுவதில்லை. அது கடைசியில் வரும் சடங்கு என்று நினைக்கிறார்கள். நான் வழக்கறிஞர் இல்லை என்பதால் சிக்கல் வந்தால் வழக்கறிஞரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் சிக்கல் வராமலிருக்கத் தெரிந்திருக்க வேண்டிய சில அடிப்படைகளை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமே தெளிவாகச் சொல்கிறது. படைப்பு உருவான உடனே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, பதிவு செய்வது கட்டாயம் இல்லை. எழுத்துக்கும் ஓவியத்துக்கும் படைத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். இதுவரை பலருக்கும் தெரியும். தெரியாதது 17ஆம் பிரிவு. படைத்தவரே முதல் உரிமையாளர் என்பதை அந்தப் பிரிவு பொது விதியாக வைத்துவிட்டு, சில விலக்குகளையும் சொல்கிறது. பணம் கொடுத்து ஒருவர் கேட்டதன் பேரில் வரையப்பட்ட ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, கேட்டு வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் ஆகிறார். கேட்டதன் பேரில் எழுதிக்கொடுத்த கதைக்கு இந்த விலக்குப் பொருந்தாது. இதன் விளைவைக் கூர்ந்து பார்க்க வேண்டும்: ஒரே ஆள், ஒரே புத்தகத்துக்கு, வாய்ச்சொல்லை நம்பிக் கதையும் எழுதிப் படமும் வரைந்து கொடுத்தால், கதை அவரிடமே இருக்கப் படங்கள் கைமாறிப் போய்விடக்கூடும்.

பயிற்சிக்கு வந்த ஓர் இளம்பெண்ணுக்கு இதைப் போன்ற அனுபவம் நேர்ந்தது. ஒரு பதிப்பாளர் தொலைபேசியில் பேசி, சிறு தொகை அனுப்பி, ஒரு கதைக்குப் படங்கள் வாங்கிக்கொண்டார். புத்தகமும் வந்தது, அவள் மகிழ்ந்தாள். அடுத்த ஆண்டு அவள் வரைந்த ஆட்டுக்குட்டி வேறொரு பாடல் நூலின் அட்டையிலும் சுவர்ப் படத்திலும், அவள் பெயர் இல்லாமல் வந்தது. கேட்டபோது, "காசு குடுத்தாச்சேம்மா" என்ற பதில் வந்ததாம். அந்தப் பதிலை அநியாயம் என்று சொல்வது எளிது. ஆனால் தாளில் எதுவும் இல்லாத நிலையில் சட்டம் அவள் பக்கம் முழுதாக நிற்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. பெயர் விஷயம் மட்டும் வேறு. 57ஆம் பிரிவின்படி, உரிமையைக் கைமாற்றிக் கொடுத்த பிறகும், படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் மதிப்புக்குக் கேடு வரும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் படைத்தவருக்கு உண்டு.

ஆகவே வண்ணத்தைத் தொடுவதற்கு முன் எழுத்தில் உடன்பாடு வேண்டும். படங்களின் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கிறது, பதிப்பாளருக்கு இன்ன மொழியில், இன்ன வடிவத்தில், இத்தனை ஆண்டுகளுக்கு வெளியிடும் அனுமதி மட்டும் தரப்படுகிறது என்று இரண்டு வரி இருந்தாலே நிலைமை மாறிவிடும். உரிமையைக் கைமாற்றும் ஒப்பந்தம் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்பது 19ஆம் பிரிவு. அதில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டமே எடுத்துக்கொள்கிறது. வேறுவிதமாக எழுதப்படாதபோது, உரிமை வாங்கியவர் ஓர் ஆண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை காலாவதியாகிவிடும். கையெழுத்துப் போடுகிற தாளில் 'எல்லா உரிமைகளும், எல்லா வடிவங்களிலும், நிரந்தரமாக' என்ற தொடர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், அதற்கு ஈடான தொகையா என்று கேளுங்கள். அசல் ஓவியத் தாள் யாரிடம் திரும்பும் என்பதும் தனியாக எழுதப்பட வேண்டிய செய்தி, ஏனென்றால் தாளை வைத்திருப்பதும் பதிப்புரிமையை வைத்திருப்பதும் வெவ்வேறு.

தொகையையும் கட்டத்தோடு கட்டிவிடுவது என் வழக்கம். கையொப்பத்தின்போது ஒரு பகுதி, பென்சில் படங்கள் ஏற்கப்பட்டதும் ஒரு பகுதி, இறுதிப் படங்கள் கொடுத்ததும் மீதி. திருத்தங்கள் பென்சில் கட்டத்திலேயே கேட்கப்பட வேண்டும், வண்ணத்துக்குப் பின் கேட்டால் தனித் தொகை என்றும் எழுதிவிடுகிறேன். இப்படி எழுதிவிட்டால் பதிப்பாளரும் பென்சில் படத்தைக் கவனமாகப் பார்க்கிறார். இல்லாவிட்டால் எல்லாம் முடிந்த பிறகு, "அந்தப் பாட்டிக்குக் கண்ணாடி போட்டுடலாமே" என்று கேட்பார்கள்; பாட்டியோ பதினோரு பக்கத்தில் இருப்பாள். பணம் பேசக் கூச்சப்படும் நம் ஊர்ப் பழக்கத்தைப் பதிப்பாளர்களும் அறிவார்கள்.

அச்சுத் தொழில்நுட்பத்தில் இரண்டு மூன்றைச் சொல்லிக் கடக்கிறேன். திரையில் தெரியும் நிறம் ஒளியால் ஆனது, அச்சில் வருவது நான்கு மையால் ஆனது. திரையில் எரிகிற பச்சையும் ஆரஞ்சும் அச்சில் மங்கிப்போகும். நெல்லை வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஓர் அச்சகத்தார் இதை, "திரையில தெரியுற பச்சையெல்லாம் மையில வராதும்மா" என்று தன் இயந்திரத்தைத் தட்டிக்கொண்டே சொல்வார். ஆகவே நான்கு வண்ண முறையில் கோப்பை மாற்றிப் பார்த்து, ஒரு பக்கத்தையாவது உண்மையான தாளில் மாதிரி அச்செடுத்துப் பார்த்த பிறகு மற்றப் பக்கங்களுக்குப் போவது நலம். படம் அச்சாகும் அளவிலேயே அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தி வேண்டும். விளிம்பு வரை போகும் படம் வெட்டுக்கோட்டைத் தாண்டி 3 மில்லிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும். தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை, பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கு உரிய பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒருங்குறி (யூனிகோட்) எழுத்தில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பழைய பாமினி எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. சொந்தமாக வெளியிடுபவர்களுக்கு இன்னொரு செய்தி: ஒவ்வொரு நூலுக்கும் தனி அடையாளமாகத் தரப்படும் ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது, ஆசிரியரே விண்ணப்பிக்கலாம். அதை வாங்கித் தருவதாகச் சொல்லித் தனியாகப் பணம் கேட்பவர்களிடம் இதை நினைவுபடுத்துங்கள்.

சமூக ஊடகத்தில் படம் போடுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். போடலாம், எனக்கு வேலை கிடைத்ததில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் முடியாத புத்தகத்தின் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாராட்டு வாங்கிக்கொண்டே இருந்தால், புத்தகத்தை முடிக்க வேண்டும் என்ற உந்துதல் அந்தப் பாராட்டிலேயே தீர்ந்துவிடுவதைப் பலரிடம் பார்க்கிறேன். தனிப் படங்களை அங்கே வைக்கட்டும், புத்தகப் பக்கங்களை டம்மியோடு வைத்துக்கொள்ளட்டும்.

என் மேசையில் இப்போது இருப்பவற்றையும் இதே அளவுகோலால் சொல்லிவிடுகிறேன். கூந்தன்குளத்துப் புத்தகத்தில் எழுத்து முடிந்தது, டம்மி முடிந்தது, நாரையின் அலகு வலப்பக்கத்துக்குப் போய்விட்டது, பென்சில் படங்கள் பதிப்பாளரிடம் இருக்கின்றன. மின்னூல் உரிமை பற்றிய ஒரு வரியில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு வரவில்லை என்பதால் வண்ணம் தொடங்கவில்லை. பத்தமடைப் பாய் நெய்பவர்களைப் பற்றிய இரண்டாவது புத்தகம் பக்கத் திட்டத்தில் இருக்கிறது. கோரையைக் கீறிச் சாயம் ஏற்றும் மூன்று பக்கங்களில் கை தயங்குவதால் அந்தக் கேள்விகளோடு பத்தமடைக்குப் போக வேண்டும். மூன்றாவதாக வைத்திருந்த ஒரு கதையை, திருப்பிச் சொல்லக் கேட்ட யாருக்கும் நடுப்பகுதி நினைவில் நிற்காததால், இந்த ஆண்டுத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். முக்கூடல் மாணவி சென்ற வாரம் தன் டம்மியைத் தைத்துக்கொண்டு வந்திருந்தாள். 24 பக்கம், ஏழாம் பக்கத்தில் வரி அதிகம். அதை அவளே பென்சிலால் வட்டமிட்டிருந்தாள்.